வீட்டுக் கன்சோல்களின் வரலாறு – 14: வாரிசில்லாச் செயலி

2006 நவம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்த பிளேஸ்டேஷன் 3-இன் தாய்ப்பலகையில் அதற்கென்றே வடிவமைக்கப்பட்ட செயலியும் வரைகலைச் சில்லும் இருந்ததோடு, முந்தைய கன்சோலான பிளேஸ்டேஷன் 2-இன் செயலியும் வரைகலைப் பகுதியும் ஒரே சில்லாகச் சுருக்கப்பட்டு, தமக்குரிய 32 மெகாபைட் நினைவகத்துடன் ஓர் ஓரத்தில் பொருத்தப்பட்டிருந்தன. பழைய விளையாட்டின் வட்டைச் செருகியதும் புதிய கருவி பெரும்பாலும் ஒதுங்கிக்கொண்டது. ஓரத்தில் இருந்த பழைய கருவியே அந்த விளையாட்டை இயக்கியது. நான்கு மாதங்கள் கழித்து, 2007 மார்ச் 23 அன்று ஐரோப்பாவில் அறிமுகமான மாடலில் அந்தப் பழைய கருவியின் பாதி நீக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த 40 ஜிகாபைட் மாடலில் மற்றப் பாதியும் இல்லை. 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4, தனக்கு முன் அதே பெயரில் வந்த மூன்று கன்சோல்களின் வட்டுகளில் ஒன்றைக்கூட ஏற்கவில்லை. கருவியின் ஆற்றல் ஏறிக்கொண்டே போக, பழையதை இயக்கும் திறன் மட்டும் தேய்ந்துகொண்டே வந்த இந்த ஏழாண்டுகளையும், அவற்றுக்கான காரணங்கள் விதைக்கப்பட்ட முந்தைய ஆண்டுகளையும் இந்த அத்தியாயம் ஆராய்கிறது.

முன் வந்த கன்சோலின் விளையாட்டுகளைப் பின் வந்த கன்சோல் இயக்கும் தன்மையைப் பின்னிணக்கம் எனலாம். அது ஆற்றலைப் பொறுத்த செய்தி என்று வாங்குவோர் கருதுவது இயல்பு. இருபது ஆண்டுப் பழைய நிரலை இன்றைய மேசைக் கணினி எளிதாக ஓட்டிவிடும்போது, அதைவிடப் புதிய கன்சோல் ஏன் திணற வேண்டும் என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் மேசைக் கணினியில் நிரலுக்கும் வன்பொருளுக்கும் இடையே இயங்குதளம் நிற்கிறது. ஒரு கோட்டை வரைய வேண்டுமானால் நிரல் இயங்குதளத்திடம் கேட்கிறது, எந்த நிறுவனத்தின் வரைகலை அட்டை உள்ளே இருக்கிறது என்பதை அது அறிய வேண்டியதில்லை. கன்சோலில் நிலைமை வேறு. விற்பனையாகும் ஒவ்வொரு பெட்டியும் மற்றொன்றின் அச்சு அசல் என்பதால், விளையாட்டை எழுதுபவர் அந்த வன்பொருளின் வேகத்தையும், குறைகளையும், விற்பனையாளரின் கையேட்டில் இடம்பெறாத விசித்திரங்களையும்கூட நம்பி எழுதலாம். அப்படி எழுதுவதில்தான் குறைந்த விலைக் கருவியிலிருந்து நிறைந்த பயனைப் பிழிந்தெடுக்க முடிகிறது. ஆகவே கன்சோல் விளையாட்டு என்பது ஒரு குறிப்பிட்ட எந்திரத்தின் உடலோடு ஒட்டிப் பிறந்த நிரல். எந்திரம் மாறினால் நிரலுக்கு நிற்க இடமில்லை.

இந்த ஒட்டுறவு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு 1977இல் வெளியான அட்டாரி 2600 தெளிவான சான்று. அதன் நினைவகம் வெறும் 128 பைட். தொலைக்காட்சித் திரை முழுவதற்குமான படத்தைச் சேர்த்துவைக்க அதில் இடமே இல்லை. எனவே திரையின் ஒவ்வொரு கிடைக்கோட்டையும் மின்னணுக் கற்றை வரைந்து செல்லும் அந்தக் கணத்திலேயே, அடுத்து என்ன நிறம், எங்கே உருவம் என்பதை நிரல் வரைகலைச் சில்லுக்குச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒரு கிடைக்கோட்டுக்குச் செயலிக்குக் கிடைத்தவை 76 கடிகாரத் துடிப்புகள். நிரலாளர் ஒவ்வொரு கட்டளையும் எத்தனை துடிப்புகளை உண்ணும் என்று கூட்டிக் கழித்து, கற்றை நடுத்திரைக்கு வரும்போது சரியாக அந்த நிறம் மாறுமாறு எழுதினார். இத்தகைய நிரலை இரு மடங்கு வேகமான செயலியில் ஓட்டினால் விளையாட்டு இரு மடங்கு அழகாகாது. நிறங்கள் தவறான இடத்தில் மாறிப் படமே சிதைந்துவிடும். வேகம் கூடுவதே கேடாக முடியும் என்ற இந்தப் பாடம், பின்னால் வந்த தலைமுறைகளிலும் வெவ்வேறு உருவில் திரும்பத் திரும்ப எழுந்தது.

அட்டாரி நிறுவனமே 1982இல் வெளியிட்ட 5200 கன்சோலில் 6502 குடும்பத்தைச் சேர்ந்த செயலிதான் இருந்தது; 2600-இன் செயலியும் அதே குடும்பம். இருந்தும் பழைய கேட்ரிட்ஜ்களை அது இயக்கவில்லை, ஏனெனில் கற்றையோடு போட்டி போட்ட அந்த வரைகலைச் சில்லு அதில் இல்லை. வாங்கியவர்கள் குறைப்பட்டுக்கொள்ள, பிறகு தனியாக ஓர் இணைப்புக் கருவியை விற்க வேண்டியதாயிற்று. அடுத்து வந்த 7800-இல் பழைய சில்லையும் சேர்த்தே பொருத்தினர். பழைய கேட்ரிட்ஜ்கள் ஓடின. செயலி ஒத்திருந்தால் மட்டும் போதாது, சுற்றிலும் உள்ள ஒவ்வொரு சில்லும் ஒத்திருக்க வேண்டும் என்பதும், பழையதை இயக்க எளிய வழி பழையதையே உள்ளே வைத்துவிடுவது என்பதும் அப்போதே துறைக்குத் தெரிந்துவிட்டன. நின்டெண்டோவின் கையடக்கக் கருவிகள் பல ஆண்டுகள் இந்த வழியிலேயே நடந்தன; 2001இல் வந்த கேம் பாய் அட்வான்ஸின் 32 பிட் செயலிக்கு அருகே, 1989ஆம் ஆண்டுக் கேம் பாயின் 8 பிட் செயலி வகையும் குடியிருந்தது.

சோனி நிறுவனம் கென் குடராகியின் தலைமையில் உருவாக்கி 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் வெளியிட்ட முதல் பிளேஸ்டேஷன், இந்த வரலாற்றில் ஒரு நுட்பமான திருப்பத்தைக் கொண்டுவந்தது. அதன் செயலி மிப்ஸ் வகையைச் சேர்ந்த ஆர்3000ஏ. வேகம் ஏறத்தாழ 33.87 மெகாஹெர்ட்ஸ், முதன்மை நினைவகம் 2 மெகாபைட். கருவியைவிட முக்கியமானது அதனுடன் சோனி விதித்த ஒழுங்கு. விளையாட்டை எழுதுவோர் வன்பொருளின் பதிவகங்களை, அதாவது சில்லுகளுக்குள் கட்டளைகளை எழுதி வைக்கும் சிறு கட்டங்களை, நேரடியாகத் தொடக் கூடாது. சோனி தரும் நூலகங்களின் வழியாகவே, அதாவது முன்கூட்டியே எழுதப்பட்ட துணை நிரல்களின் வழியாகவே, படத்தையும் ஒலியையும் கேட்டுப் பெற வேண்டும் என்று அது வற்புறுத்தியது. நிரலாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. எந்திரத்தின் அடிமடி வரை கைவிட்டுப் பழகியவர்களுக்கு இது விலங்காகவே தோன்றியது. ஆயினும் இந்த ஒழுங்கின் பயன் அந்தத் தலைமுறைக்கு அன்று, அடுத்த தலைமுறைக்கு. விளையாட்டு எதைக் கேட்கும், எப்படிக் கேட்கும் என்பது வரையறைக்குள் அடங்கியிருந்தால்தான், நாளை வேறொரு கருவி அதே கேள்விக்கு வேறு வழியில் விடை தர முடியும்.

இதை முதலில் மெய்ப்பித்தவர்கள் வெளியாட்கள் என்பது சுவையான செய்தி. 1999 ஜனவரியில் கனெக்டிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், பிளேஸ்டேஷன் வட்டுகளை ஆப்பிள் மேகின்டாஷ் கணினியில் ஓட்டும் மென்பொருளை வெளியிட்டது. இத்தகைய மென்பொருளை எமுலேட்டர் என்பர்: பழைய செயலிக்காக எழுதப்பட்ட ஒவ்வொரு கட்டளையையும் படித்து, அதே விளைவைத் தரும் கட்டளைகளாகப் புதிய செயலிக்கு மாற்றிக் கொடுத்து, பழைய எந்திரம் முழுவதையும் மென்பொருளாக நடிப்பது அதன் பணி. சோனி வழக்குத் தொடுத்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆராய்ச்சிக்காகச் சோனியின் அடிப்படை நிரலைப் படியெடுத்தது நியாயமான பயன்பாட்டுக்குள் அடங்கும் என்று கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே சோனி அந்த மென்பொருளை விலை கொடுத்து வாங்கி விற்பனையை நிறுத்தியது; நீதிமன்றத்தில் தோற்றதைக் காசோலையால் வென்றது என்று இதைச் சொல்லலாம்.

2000 மார்ச் 4 அன்று வெளியான பிளேஸ்டேஷன் 2-இல் பின்னிணக்கம் கையாளப்பட்ட விதம், இத்துறையின் பொறியியல் நேர்த்திக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. எமோஷன் எஞ்சின் என்ற பெயருடைய, ஏறத்தாழ 295 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள புதிய செயலியைத் தவிர, முதல் பிளேஸ்டேஷனின் செயலி வகையும் அதில் இடம்பெற்றது. பழைய வட்டு வரும்வரை அது சும்மா இருக்கவில்லை. புதிய விளையாட்டு ஓடும்போது கைப்பிடியின் பொத்தான்களைக் கவனிப்பது, வட்டிலிருந்து தரவைப் படிப்பது, நினைவு அட்டையில் எழுதுவது, ஒலிச் சில்லுக்கு வேலை கொடுப்பது ஆகிய எடுபிடி வேலைகளை அதுவே பார்த்தது. அப்போது அதன் வேகம் 36.864 மெகாஹெர்ட்ஸ். பழைய வட்டு செருகப்பட்டதும் வேகத்தை 33.87 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிக்கொண்டு, மீண்டும் தலைமைச் செயலியாக அமர்ந்தது. பழைய வரைகலைச் சில்லை மட்டும் வைக்கவில்லை. புதிய வரைகலைச் சில்லும் எமோஷன் எஞ்சினில் ஓடும் ஒரு நிரலும் சேர்ந்து அதன் வேலையைப் பாவித்தன. எந்தச் சில்லுக்கும் இரட்டைச் செலவு இல்லை. பின்னிணக்கத்துக்கான விலையை இன்றைய பணிக்கான விலையோடு கலந்து மறைத்துவிட்ட ஏற்பாடு இது.

அந்த ஏற்பாட்டிலும் முழுமை கிட்டவில்லை. பழைய விளையாட்டுக்கு வட்டை விரைவாகச் சுழற்றிப் படிக்கும் விருப்பமும், படப்பரப்புகளை வழுவழுப்பாக்கும் விருப்பமும் கருவியின் அமைப்புகளில் தரப்பட்டிருந்தன. ஆனால் இயல்பு நிலையில் அவை அணைத்தே வைக்கப்பட்டிருந்தன, காரணம், வட்டு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் விடை சொன்னால் குழம்பிப்போகும் விளையாட்டுகள் இருந்தன. பிற்கால மெல்லிய மாடல்களில் செலவைக் குறைக்க அந்தப் பழைய செயலியை எடுத்துவிட்டு, பவர்பிசி வகைச் செயலி ஒன்றின் மீது அதை மென்பொருளாகப் பாவித்தபோது, அதுவரை ஒழுங்காக ஓடிய விளையாட்டுகள் சில தடுமாறின. அவற்றின் பட்டியலைச் சோனியே வெளியிட்டது.

15 கோடிக்கு மேல் விற்ற பிளேஸ்டேஷன் 2, அடுத்த தலைமுறைக்கு விட்டுச் சென்ற சொத்தும் பெரிது, சிக்கலும் பெரிது. இந்தக் கருவியில் சோனியின் நூலக ஒழுங்கு தளர்ந்துவிட்டது. எமோஷன் எஞ்சினுக்குள் இருந்த இரண்டு திசையன் கணிப்பிகளையும், அதாவது முப்பரிமாணப் புள்ளிகளை மொத்தமாகக் கணக்கிடும் துணைச் செயலிகளையும், நிரலாளர்கள் தம் விருப்பப்படி நேரடியாக ஆட்டிவைத்தனர். வரைகலைச் சில்லுக்குள்ளேயே 4 மெகாபைட் நினைவகம் பதிக்கப்பட்டிருந்தது. அளவில் சிறிதெனினும், அதற்கும் சில்லுக்கும் இடையே நொடிக்கு 48 ஜிகாபைட் தரவு பாய முடிந்தது. இந்த அகலமான வாய்க்காலை நம்பி, புகை, மழை, ஒளிக்கசிவு போன்ற ஒளி ஊடுருவும் அடுக்குகளைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாராளமாக வரையும் பழக்கம் வளர்ந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து வந்த பிளேஸ்டேஷன் 3-இன் வரைகலைச் சில்லுக்கும் அதன் நினைவகத்துக்கும் இடையிலான பாய்ச்சல், இதில் பாதியையும் எட்டவில்லை. ஏனைய எல்லாவற்றிலும் வல்லதான புதிய சில்லு, பழைய சில்லு இடது கையால் செய்த இந்த ஒரு வேலையில் பின்தங்கியது.

இன்னொரு சிக்கல் எண்கணிதத்தில் இருந்தது. பின்ன எண்களைக் கணினிகள் எப்படிக் குறித்துவைத்து எப்படி முழுமைப்படுத்த வேண்டும் என்பதற்கு ஐ.இ.இ.இ. 754 என்ற உலகத் தரம் உண்டு. பெரும்பாலான செயலிகள் அதைப் பின்பற்றுகின்றன. எமோஷன் எஞ்சின் அதை முழுமையாகப் பின்பற்றவில்லை. முடிவிலியைக் குறிக்கும் மதிப்பை அது அறியாது. எல்லை மீறிய எண்ணைத் தன்னால் இயன்ற மிகப் பெரிய எண்ணாகவே நிறுத்திவிடும். கடைசி இலக்கத்தை முழுமைப்படுத்தாமல் வெட்டிவிடும். இந்த வேறுபாடு பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவானதே. ஆனால் விளையாட்டு ஒரு காரின் இடத்தை நொடிக்கு 60 முறை, முந்தைய விடையின் மீதே அடுத்த விடையை ஏற்றிக் கணக்கிடுகிறது. கடைசி இலக்கப் பிழை சேர்ந்து சேர்ந்து, வகுத்துவைத்த தடத்தில் ஓட வேண்டிய கார் மெல்ல விலகி வேலியில் போய் முட்டும். தரமான எண்கணிதம் தெரிந்த செயலியைத் தரமற்ற எண்கணிதம் செய்யவைப்பதற்கு ஒவ்வொரு கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் பின்னால் கூடுதல் கட்டளைகளைச் சேர்க்க வேண்டும். ஆற்றல் கரைவது அங்கேதான்.

பிளேஸ்டேஷன் 3-இன் செயலியான செல், சோனி, தோஷிபா, ஐ.பி.எம். ஆகிய மூன்று நிறுவனங்கள் 2001 முதல் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் கூட்டாக உழைத்து உருவாக்கியது. 3.2 ஜிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள அந்தச் சில்லில், பவர்பிசி வகை முதன்மைக் கரு ஒன்றும், எஸ்.பி.இ. எனப்பட்ட துணைக் கருக்கள் எட்டும் இருந்தன. உற்பத்தியில் ஏற்படும் பழுதை ஈடுகட்ட ஒரு துணைக் கரு அணைக்கப்பட்டது. இன்னொன்றை இயங்குதளம் எடுத்துக்கொண்டது. விளையாட்டுக்கு ஆறு மிஞ்சின. ஒவ்வொரு துணைக் கருவும் தன் சொந்த 256 கிலோபைட் நினைவகத்தை மட்டுமே நேராகப் பார்க்கும். பொது நினைவகத்திலிருந்து எதையேனும் எடுக்க வேண்டுமானால், எந்தத் துண்டு, எப்போது, எங்கே வர வேண்டும் என்று நிரலாளரே திட்டமிட்டு வரவழைக்க வேண்டும். கற்றுத் தேர்ந்தவர் கையில் இது அசாத்தியமான வேகத்தைத் தந்தது. கற்றுத் தேர்வதற்குள் பல நிறுவனங்களுக்குப் பாதி ஆயுள் போயிற்று.

இவ்வளவும் சேர்ந்து கருவியின் அடக்கவிலையை ஏற்றின. அமெரிக்காவில் 60 ஜிகாபைட் மாடலின் விலை 599 டாலர். அதைப் பிரித்துப் பார்த்து மதிப்பிட்ட ஐசப்ளை என்ற சந்தை ஆய்வு நிறுவனம், உற்பத்திச் செலவே 800 டாலருக்கு மேல் வரும் எனக் கணக்கிட்டது. 2007 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சோனியின் விளையாட்டுப் பிரிவு 23,230 கோடி யென் இயக்க நட்டத்தைப் பதிவுசெய்தது. இந்த நிலையில், விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் முந்தைய கன்சோலின் சில்லையும் இலவச இணைப்பாக வைப்பதை எந்தக் கணக்காளரும் ஏற்கமாட்டார். ஐரோப்பிய மாடலில் எமோஷன் எஞ்சின் அகற்றப்பட்டு, அதன் வேலை செல் செயலியில் ஓடும் எமுலேட்டருக்குத் தரப்பட்டது. வரைகலைச் சில்லு மட்டும் தொடர்ந்து இருந்தது. எந்தப் பாதியை முதலில் எடுத்தனர் என்பதே எது கடினம் என்பதைக் காட்டிவிடுகிறது: அந்த 48 ஜிகாபைட் வாய்க்காலை மென்பொருளால் தோண்ட அவர்களுக்குத் துணிவில்லை. இயங்கிய விளையாட்டுகளின் எண்ணிக்கை குறைந்தது. பழையவற்றைவிடப் புதிய விளையாட்டுகளிலும் பொழுதுபோக்கு வசதிகளிலும் கவனத்தைச் செலுத்தப்போவதாக நிறுவனம் விளக்கமளித்தது. பிறகு வந்த 40 ஜிகாபைட் மாடலில் வரைகலைச் சில்லும் நீங்கியதோடு பிளேஸ்டேஷன் 2 வட்டுகளுக்கான கதவு மூடியது.

வாங்கியவர்களைக் குழப்பிய வினோதம் ஒன்று அதற்குப் பின்னும் எஞ்சியது. 1994ஆம் ஆண்டுக் கன்சோலின் வட்டுகள் எல்லா பிளேஸ்டேஷன் 3 மாடல்களிலும் ஓடின. 2000ஆம் ஆண்டுக் கன்சோலின் வட்டுகள்தாம் ஓடவில்லை. பாட்டனை வரவேற்றுத் தந்தையை வாசலில் நிறுத்திய இந்த முறையில் புதிர் ஏதுமில்லை. 33 மெகாஹெர்ட்ஸ் செயலியையும், நூலகங்களுக்குள் அடங்கி நடந்த விளையாட்டுகளையும் மென்பொருளால் பாவிப்பது செல்லுக்கு எளிது. ஒழுங்கு தளர்ந்து, பல துணைச் செயலிகளை ஒரே நேரத்தில் நுணுக்கமாக ஓட்டிய விளையாட்டுகளைப் பாவிப்பது எளிதன்று. பின்னிணக்கம் புதிய கன்சோல் வடிவமைக்கப்படும் நாளில் தீர்மானமாவதில்லை, பழைய கன்சோல் வடிவமைக்கப்பட்ட நாளிலேயே பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது என்ற முடிவுக்கு இந்த ஒரு கருவியே போதிய ஆதாரம். 2011 முதல் சோனி சில பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுகளைப் பிளேஸ்டேஷன் 3-க்குத் தரவிறக்கமாக விற்றது. எமுலேட்டருக்கு ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனி அமைப்புகளைச் செய்து, சோதித்து, ஒன்றொன்றாகக் கொண்டுவந்தனர். கையில் வட்டு வைத்திருந்தவருக்கு அதனால் பயனில்லை. அவர் மறுபடியும் வாங்க வேண்டும். தொழில்நுட்பத் தடை இருந்தது உண்மை. அந்தத் தடை வணிகத்துக்குத் தோதாக அமைந்தது என்பதும் உண்மை.

பிளேஸ்டேஷன் 4-இன் தலைமை வடிவமைப்பாளர் மார்க் செர்னி, 2013இல் பார்சிலோனாவில் ஆற்றிய உரையில் ஓர் அளவுகோலை முன்வைத்தார்: புதிய கன்சோலைப் பெற்ற நிரலாளர் குழு, திரையில் முதல் முக்கோணத்தை ஓரளவு திறமையோடு வரையும் நிலைக்கு வர எத்தனை காலம் ஆகிறது என்பதே அது. முதல் பிளேஸ்டேஷனுக்கு ஓரிரு மாதங்கள், இரண்டாவதற்கு மூன்று முதல் ஆறு மாதங்கள், மூன்றாவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதங்கள் என்று அவர் கணக்குச் சொன்னார். நான்காவதில் அது மீண்டும் ஓரிரு மாதங்களுக்கு இறங்கியது. இறங்கக் காரணம், செல் என்ற வழியையே கைவிட்டு, மேசைக் கணினிகளில் புழங்கும் எக்ஸ்86 வகையைச் சேர்ந்த ஏ.எம்.டி. செயலிக்கு மாறியதுதான். எக்ஸ்86 செயலிக்குப் பவர்பிசி கட்டளையும் புரியாது, துணைக் கருக்களின் கட்டளையும் புரியாது. பிளேஸ்டேஷன் 3-இன் விளையாட்டுகளை ஓட்ட வேண்டுமானால் முழு எந்திரத்தையும் மென்பொருளாகப் பாவித்தே ஆக வேண்டும்.

அதற்கான ஆற்றல் பிளேஸ்டேஷன் 4-இடம் இல்லை என்பதை நம்பப் பலருக்குக் கடினமாக இருக்கும், எண்கள் உதவும். செல்லில் விளையாட்டுக்குக் கிடைத்த ஆறு துணைக் கருக்களும் சேர்ந்து, ஏட்டுக் கணக்கில், நொடிக்கு 15,360 கோடி பின்ன எண் கணக்குகளைச் செய்யவல்லவை. பிளேஸ்டேஷன் 4-இன் 1.6 ஜிகாஹெர்ட்ஸ் செயலியின் எட்டுக் கருக்களும் சேர்ந்து அதே ஏட்டுக் கணக்கில் 10,240 கோடிதான். ஏழாண்டு இளைய செயலி, இந்த ஒரு கணக்கில், முன்னதைவிட மெலிந்தது. கன்சோலின் ஆற்றல் முழுவதும் வரைகலைச் சில்லுக்கு இடம் மாறியிருந்தது. அது மட்டுமே நொடிக்கு 1.84 இலட்சம் கோடிக் கணக்குகளைச் செய்தது. ஆனால் துணைக் கருக்களுக்காக எழுதப்பட்ட நிரலை வரைகலைச் சில்லின் மீது ஓட்டிவிட முடியாது. இரண்டின் வேலைமுறையும் வேறு. பாவிப்புக்குப் பொதுவாக மூலக் கருவியைவிடப் பன்மடங்கு ஆற்றல் வேண்டும் என்ற நிலையில், சமமான ஆற்றலும் இல்லாத செயலியிடம் அதை எதிர்பார்க்க இடமில்லை. சில தடைகள் இதைவிடவும் எளியவை: பிளேஸ்டேஷன் 4-இன் வட்டு இயக்கியால் சிடி வகை வட்டுகளைப் படிக்கவே இயலாது; முதல் பிளேஸ்டேஷனின் விளையாட்டுகள் எல்லாம் சிடியில் வந்தவை.

சோனி சுற்றுவழி ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. 2012 ஜூலையில் கைக்காய் என்ற நிறுவனத்தை 38 கோடி டாலருக்கு வாங்கிய அது, 2014இல் பிளேஸ்டேஷன் நவ் என்ற சேவையை அறிவித்தது. தொலைவிலுள்ள தரவு மையங்களில் பிளேஸ்டேஷன் 3-இன் வன்பொருளையே அடுக்கடுக்காக நிறுவி, விளையாட்டை அங்கே ஓட்டி, திரைப்படத்தை அனுப்புவதுபோல் காட்சியை மட்டும் இணையம் வழியாக வீட்டுக்கு அனுப்பினர். வீட்டிலுள்ள கருவி பொத்தான் அழுத்தங்களை அங்கே திருப்பி அனுப்பியது. பழைய சில்லை உள்ளே வைக்கும் அட்டாரி காலத்து வழியே இதுவும். சில்லு வாங்கியவரின் வீட்டில் இல்லை, அவ்வளவே வேறுபாடு.

மைக்ரோசாஃப்டின் வழி இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ், இன்டெல்லின் 733 மெகாஹெர்ட்ஸ் செயலியையும் என்விடியாவின் வரைகலைச் சில்லையும் கொண்டது. சில்லு வடிவமைப்பின் உரிமை மைக்ரோசாஃப்டிடம் இல்லை. விலை குறித்து என்விடியாவோடு எழுந்த பிணக்கு நடுவர் மன்றம்வரை சென்று 2003இல்தான் தீர்ந்தது. 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360, ஐ.பி.எம். செயலிக்கும் ஏ.டி.ஐ. வரைகலைச் சில்லுக்கும் மாறியது. பழைய விளையாட்டுகள் பட்டியலிட்டுச் சோதித்த அளவில் மட்டுமே ஓடின, 2007க்குப் பின் பட்டியல் வளரவில்லை. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ்86க்குத் திரும்பியபோது 360-இன் விளையாட்டுகளும் கைவிடப்பட்டன என்றே எல்லாரும் எண்ணினர். ஆனால் 2015 நவம்பரில் அவை ஓடத் தொடங்கின. பவர்பிசி கட்டளைகளை விளையாடும் நேரத்தில் மாற்றாமல், முன்கூட்டியே எக்ஸ்86 கட்டளைகளாக மாற்றி, விளையாட்டு வாரியாகச் சோதித்துத் தொகுத்தனர்; வட்டைச் செருகினால் அது உரிமைச் சான்றாக மட்டுமே பயன்பட்டது, விளையாட்டு இணையத்திலிருந்து இறங்கியது. 360-இன் படப்பரப்பு வடிவங்களுக்கும் ஒலி வடிவத்துக்குமான ஆதரவை எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் சில்லிலேயே முன்னோக்குடன் பதித்துவைத்திருந்ததும் இதற்குக் கைகொடுத்தது.

அங்கே தடை வேறு திசையிலிருந்து வந்தது. மாற்றித் தொகுத்ததை வெளியிட ஒவ்வொரு வெளியீட்டாளரின் ஒப்புதலும் தேவை. கார்ப் பந்தய விளையாட்டில் வரும் கார்களின் பெயர்கள், கால்பந்து விளையாட்டில் வரும் வீரர்களின் முகங்கள், பின்னணியில் ஒலிக்கும் பாடல்கள் ஆகியவை குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் உரிமம் பெற்றவை. உரிமம் காலாவதியானால் விளையாட்டை மீண்டும் விற்க முடியாது. சில வெளியீட்டு நிறுவனங்கள் மூடப்பட்டுவிட்டதால், ஒப்புதல் கேட்க ஆளே இல்லை. 2021 நவம்பர் 15 அன்று 70-க்கும் மேற்பட்ட விளையாட்டுகளைக் கடைசியாகச் சேர்த்த மைக்ரோசாஃப்ட், சட்ட, உரிம, தொழில்நுட்ப எல்லைகளைக் காரணம் காட்டிப் பட்டியலை முடித்தது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறியதை இங்கே இணைத்துப் பார்க்க வேண்டும்.

செல்லைக் கைவிட்ட முடிவின் பலன் சோனிக்கு ஏழாண்டு கழித்துக் கிட்டியது. 2016இல் வந்த பிளேஸ்டேஷன் 4 புரோவின் வரைகலைச் சில்லில் கணிப்பு அலகுகள் 18-இலிருந்து 36 ஆக இரட்டிக்கப்பட்டன; பழைய விளையாட்டு ஓடும்போது அவற்றில் பாதியை அணைத்து, வேகத்தையும் 800 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி, பெரிய கருவி சிறிய கருவியாகவே நடந்துகொண்டது. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5-உம் அதே குடும்பச் செயலியையும் அதே 36 அலகுகளையும் கொண்டு, முந்தைய இரு மாடல்களைப்போல் நடந்துகொள்ளும் முறைகளைத் தன்னுள் வைத்திருந்தது. அப்போதும், கூட்டிய வேகத்தைச் சில விளையாட்டுகளின் நிரல் தாங்காது என்பதால் ஒவ்வொன்றாகச் சோதிக்க நேர்ந்ததாகச் செர்னி விளக்கினார். அட்டாரி நிரலாளர் எண்ணிய 76 துடிப்புகளின் தூரத்து உறவுதான் இது. 4,000-க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளில் ஓடாதவை என்று வெளியீட்டுக்கு முன் சோனி பட்டியலிட்டவை பத்து மட்டுமே.

முந்தைய தலைமுறைகளில் மூன்றாவது மட்டும் இந்தச் சமரசத்துக்கு வெளியே நின்றது. சோனி 2022இல் தன் சந்தாச் சேவையைப் புதிதாக வகுத்தபோது, முதல் இரண்டு பிளேஸ்டேஷன்களின் தேர்ந்தெடுத்த விளையாட்டுகளைச் சந்தாதாரர் தரவிறக்கி, தம் கருவியிலேயே எமுலேட்டர் வழியாக ஓட்டலாம் என்ற வசதி வந்தது. பிளேஸ்டேஷன் 3-இன் விளையாட்டுகள் மட்டும் பிரீமியம் என்ற மேல் அடுக்கில், தரவு மையத்திலிருந்து இணையம் வழியாக விளையாடும் முறையில் மட்டுமே தரப்பட்டன. அந்த இணையவழிச் சேவை நடத்தப்படாத நாடுகளில் மேல் அடுக்குக்கு டீலக்ஸ் என்று வேறு பெயரிட்டுச் சற்றுக் குறைந்த விலையில் விற்றனர். இந்தியா அவற்றுள் ஒன்று, இங்குள்ள சந்தாதாரருக்கு வழங்கப்பட்ட தொகுப்பில் பிளேஸ்டேஷன் 3-இன் விளையாட்டுப் பட்டியல் இடம்பெறவில்லை.

(தொடரும்)